வள்ளியைக் கேட்டது யார்?

தாளடி அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கையில் கொஞ்சம் புரளும் காலம் பங்குனியும் சித்திரையும். திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாக்கள் களைகட்டுவதும் அப்போதுதான். திருவிழா என்றால் நாடகம் வேண்டும். நாடகம் என்றால் 'வள்ளி திருமணம்'; அது அலுத்துப்போன ஊரில் 'அரிச்சந்திரா'.

வள்ளியின் கதை தெரியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான், காரியம் பலிக்கவில்லை. கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் கேட்கிறான். விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறான். கடைசியில் அண்ணனை நினைக்கிறான். பிள்ளையார் யானையாக வருகிறார். வள்ளி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். பந்தலில் சிரிப்பு அலை மோதுகிறது.

அந்த இடத்தில் நாடகத்தைச் சற்று நிறுத்துவோம்.

பயந்து கட்டிக்கொள்பவள் வள்ளி. ஆனால் வள்ளியாக நிற்பவர் ஒரு நடிகை. மாலையில் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர். முருகனாக நிற்கும் ராஜபார்ட் வேறு ஊர்க்காரர். இருவரும் இதற்கு முன் பத்து மேடைகளில் சேர்ந்து நடித்திருக்கலாம். அன்றுதான் முதல் முறையாகச் சந்தித்தும் இருக்கலாம். எவ்வளவு நெருங்கி நிற்பது, கை எங்கே படலாம், எங்கே படக்கூடாது, எத்தனை நேரம்? இதையெல்லாம் அந்த அம்மாளைக் கேட்டு முடிவு செய்தவர் யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை. கேட்பதற்கு நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது. இந்த வகை நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே ஒத்திகை இல்லை. டைரக்டர் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் திரை தூக்கினால் பொழுது விடியும் வரை நாடகம் தானே ஓடும். இது ஓர் அபாரமான திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் மேற்படி கேள்விக்கு அதில் இடமில்லை.

புதிய உத்தியோகம்

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே வெளிநாடுகளில் ஒரு புதிய உத்தியோகம் வந்திருக்கிறது. 'இன்டிமசி டைரக்டர்' என்கிறார்கள். நெருக்கக் காட்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவில் டோனியா சைனா என்ற பெண்மணி 2006-ல் பல்கலைக்கழகப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு இதற்கு வித்திட்டது. 2016-ல் அவரும் வேறு இரு பெண்களும் சேர்ந்து இதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2018-ல் ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சி நிறுவனம், தன் தொடர்களில் இத்தகைய காட்சி எது இருந்தாலும் இப்படி ஒருவரை வைத்தே எடுப்பது என்று அறிவித்தது. இந்தியாவிலும் ஆஸ்தா கன்னா என்பவர் முறையாகப் பயிற்சி பெற்று இதைத் தொழிலாகச் செய்கிறார்.

பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேலை மிகச் சாதாரணமானது. ஒத்திகை தொடங்குமுன், இந்தக் காட்சி கதைக்கு எதற்காக வேண்டும் என்று இருவருக்கும் சொல்கிறார். எது சம்மதம், எது சம்மதமில்லை என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கிறார். சம்மதித்ததை மட்டும் வைத்து, நடனத்துக்கு அடவு அமைப்பது போல அசைவுகளை அமைக்கிறார்: மூன்று அடி வா, வலது கை அவர் தோளில், முகம் இந்தப் பக்கம், இரண்டு எண்ணு, விலகு. அமைத்த பின் இரண்டு பேரும் ஒப்பாமல் அதை மாற்றக்கூடாது. நூறாவது நாள் நாடகத்திலும் கை அதே தோளில்தான். நடுவில் ஒருவருக்குச் சங்கடமாகிவிட்டால் நிறுத்துவதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் காரணம் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். கத்திச் சண்டைக்கு வேண்டியிருக்கிறதே! மேடையில் இருவர் வாள் வீச வேண்டுமானால், எந்த அடி எங்கே விழும், எதிராளி எப்போது குனிவார் என்று எண்ணி எண்ணிப் பழகுகிறார்கள். கம்பு சுற்றுகிறவன், "உணர்ச்சி வந்தபோது வந்தபடி அடிப்பேன்" என்று சொன்னால் வாத்தியார் அவனைக் களத்தில் இறக்கமாட்டார். மண்டை உடையும் என்று தெரியும். மனம் உடைவது கண்ணுக்குத் தெரியாததனால்தான், கட்டிப்பிடிக்கும் காட்சியை மட்டும் 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று விட்டுவிடுகிறோம்.

"இயற்கையாக வர வேண்டும்"

டைரக்டர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இயற்கையான உணர்ச்சி வராது என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பெரிய கலைஞர்களே சொன்ன மறுப்பு இது.

1972-ல் வெளிவந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தில் மரியா ஷ்னைடர் என்ற இளம் நடிகைக்கு ஒரு கொடிய காட்சியின் முக்கிய விவரம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. டைரக்டர் பெர்டோலுச்சி பிற்காலத்தில் அதை ஒப்புக்கொண்டார்: நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாகவே அவள் பதறுவதைப் படம் பிடிக்க விரும்பினாராம். இதைவிடத் தெளிவாகக் குற்றத்தை எவரும் சொல்லிவிட முடியாது. நடிப்பு வேண்டாம் என்கிறபோது நடிகை எதற்கு?

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்'. எடுத்தவர் கே. பாலசந்தர், இதே திருவாரூர் மாவட்டத்து நன்னிலம் வட்டாரத்தில் பிறந்து, நாடக மேடையில் புகழ் பெற்று சினிமாவுக்குப் போனவர். அருவியின் தலையில் காதலர்கள் சாகத் துணிந்து நிற்கும் காட்சியில் ஒரு முத்தம் வரும். அந்த முத்தம் தமக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று நடிகை ரேகா பல்லாண்டுகளுக்குப் பின் பேட்டிகளில் கூறினார். காட்சிக்கு அது தேவையாகத்தான் இருந்தது என்ற கருத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: காட்சி நன்றாக இருந்தது என்பதும், கேட்காமல் செய்தார்கள் என்பதும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இரண்டும் ஒரே நபரின் நினைவில் சேர்ந்தே இருக்கின்றன.

கேரளத்தில் நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியாயிற்று. அதில் பெரிய பெரிய குற்றங்களைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. சிறிதாகத் தோன்றும் ஒரு புகாரும் அதில் இருக்கிறது. முதலில் சொன்னது ஒன்று, படப்பிடிப்புக்குப் போனபின் கேட்டது அதைவிட அதிகம் என்பது. ஒப்புக்கொண்டது இவ்வளவு என்று எங்கும் எழுதிவைக்காததனால், 'அவ்வளவு இல்லை' என்று வாதாட அந்தப் பெண்ணிடம் ஒன்றுமில்லை.

பழைய ஏற்பாடுகள்

நம் நாடக முன்னோர்கள் இந்தப் பிரச்னையை அறியாதவர்கள் அல்ல. அவர்கள் அதற்குப் பல ஏற்பாடுகள் செய்தார்கள். எல்லாம் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுகள்.

முதலாவது, மேடையில் பெண்ணே இல்லாமல் செய்வது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். கதாநாயகி வேஷத்துக்கு ரங்கவடிவேலு என்ற ஆண் இருந்தார். தஞ்சைக்குப் பக்கத்தில் மெலட்டூர் பாகவத மேளாவில் இன்றைக்கும் லீலாவதி வேஷம் ஆண்களுக்குத்தான். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பாலர் சபை வைத்தபோது, பெண் வேஷம் சிறுவர்களுக்குப் போயிற்று. அந்தச் சிறுவர்களைக் கேட்டது யார் என்று அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. தகப்பனார் சம்மதித்தால் சரி. மீதியை வாத்தியாரின் பிரம்பு பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, மேடையில் ஆணே இல்லாமல் செய்வது. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் எல்லா வேஷமும் பெண்களுக்கே. அந்த நாடகங்களுக்குக் கூட்டம் வருவதற்காக ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள் என்று டெல்டாவில் இன்றும் பேச்சு உண்டு.

மூன்றாவது, மேடை ஜோடியும் வாழ்க்கை ஜோடியும் ஒன்றாக இருப்பது. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்த ஜோடியின் கதையில், மேலே சொன்ன எதிலும் சேராத ஒரு சங்கதி இருக்கிறது. 1933-ல் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். சினிமாக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் கோட்டை அழிக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே 1935-ல் 'நந்தனா'ராக ஆண் வேஷம் கட்டினார். அதற்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் கேள்விப்படாத தொகை. பிறகு 1953-ல் 'ஔவையார்'. ஒரு நடிகை, தன் எல்லையைத் தானே வகுத்து, தொழிலையும் விடாமல் இருபது ஆண்டுகள் நின்று காட்டினார்.

சரி, அவரை ஏன் கேட்டார்கள்? அந்தக் குரல் வேறு யாரிடமும் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால், நஷ்டம் முதலாளிக்கு. வள்ளி வேஷம் கட்டும் நடிகை வேண்டாம் என்று சொன்னால் நஷ்டம் அவருக்கு மட்டுமே. 'அந்த அம்மா ரொம்பக் கண்டிஷன் போடுது' என்று ஒரு சொல் ஏஜண்டின் காதில் விழுந்தால் போதும். அடுத்த பங்குனிக்கு அட்வான்ஸ் வராது. இந்த வேற்றுமையைப் பேசாமல் சம்மதத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. வாய் திறந்து 'சரி' என்று சொல்கிறார் என்பதற்காக அது சம்மதம் ஆகிவிடாது. 'முடியாது' என்றும் சொல்ல முடிந்த இடத்தில்தான் 'சரி'க்கு மதிப்பு.

நடிகைகள் வகுத்த வழி

கேட்பார் இல்லாத இடத்தில் ஸ்பெஷல் நாடக நடிகைகள் சும்மா இருந்துவிடவில்லை. சூசன் ஸைஸர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மதுரையில் தங்கி, இந்த நடிகர்களோடு பழகி, 2005-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நடிகைகள் நாடகத்துக்குப் போகும்போது எப்படிப் போகிறார்கள், யாரோடு போகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதைக்கூட அவர் விடாமல் எழுதியிருக்கிறார். பார்க்கிறவருக்கு அது வெறும் கூச்சம் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் தற்காப்பு.

பபூன் தனியாக மேடையில் நிற்கும்போது கொச்சையான ஹாஸ்யத்தைச் சபையில் உள்ள பெண்களை நோக்கிச் சொல்வதில்லை. பக்கவாத்தியக்காரர் பக்கம் திரும்பி, அவர்களிடம் சொல்வது போலச் சொல்கிறான் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். நம்மில் எத்தனையோ பேர் ஆயிரம் இரவு பார்த்தும் கவனிக்காத விஷயம்.

பபூனும் டான்ஸ்காரியும் எதிரெதிரே வந்து மோதிக்கொள்ளும் கட்டத்தை அறியாதவர் யார்? மோதல், சண்டை, பிறகு காதல். அந்த மோதல் தோளோடு நிற்குமா, அதற்கு மேல் போகுமா என்பது அந்தந்த பபூனின் குணத்தைப் பொறுத்தது. நல்ல பபூன் இடைவெளி விட்டே மோதுவான். அதிலேதான் அவனுடைய வித்தை. சில மேடைகளில் முன்வரிசையிலிருந்து விசில் ஏறஏற இடைவெளி குறைவதையும் பார்க்கிறோம். அப்போது டான்ஸ்காரி என்ன செய்வார்? ஆர்மோனியக்காரரைப் பார்ப்பார். அவர் கண்ணியமானவராக இருந்தால் அடுத்த பாட்டுக்குச் சுருதியைப் பிடித்துவிடுவார். அன்றைய பாதுகாப்பு அவ்வளவுதான்: ஒரு நல்ல மனிதரின் தயவு.

பார்ப்பவர் கண்

எல்லைகளே வகுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. நிறைய வகுத்திருக்கிறார்கள். பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாஸ்திரமே மேடையில் முத்தமும் தழுவலும் கூடாது என்கிறது. காரணமும் சொல்கிறது: தகப்பனும் பிள்ளையும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற இடம் அது. நியாயமான காரணம்.

1954-ல் சென்னை ராஜ்யத்தில் நாடகச் சட்டம் ஒன்று வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்தது என்பது ஊரறிந்தது. ஆட்சேபகரமான நாடகத்தைத் தடுக்க அதில் வழி இருந்தது. நடிக்கிறவரின் பாதுகாப்புக்கு வழி இல்லை. அந்தச் சட்டத்தை 2013-ல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது.

இன்றைக்குத் திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு நீதிமன்றமும் அனுமதி கொடுத்துவருகிறது. நிபந்தனைகள் நல்லவையே. ஆனால் ஒன்று கவனியுங்கள். சாஸ்திரம் முதல் நீதிமன்றம் வரை, எல்லோருடைய கவலையும் பந்தலில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பற்றியது. மேடையில் நிற்பவரின் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சபைக்கு ஆபாசமாகத் தெரியாத ஒரு பிடி, பிடிபட்டவருக்குப் பெரிய கொடுமையாக இருக்கலாம். அதைக் காண்பதற்கு இன்ஸ்பெக்டரால் முடியாது. சம்பந்தப்பட்டவர் சொன்னால்தான் உண்டு.

ஒத்திகை உள்ள நாடகமாயிற்றே, கல்லூரி நாடகத்திலும் நவீன நாடகத்திலும் இந்தக் கஷ்டம் இராது என்று நினைக்கலாம். ஒத்திகை என்பது கேட்பதற்குக் கிடைத்த இடம்தான். ஆனால் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. மேடையில் ஒரு முறை வரும் காட்சி ஒத்திகையில் நாற்பது முறை வரும். சபை இல்லை, கதவு சாத்தியிருக்கும். புதுப்புது உடற்பயிற்சிகள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாயும் பயிற்சிகள் எல்லாம் வந்துவிட்டன. கூச்சப்படும் மாணவியைப் பார்த்து, 'உனக்கு நடிப்பு வராது' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பெண்ணுக்கு மட்டுமல்ல, பையனுக்கும் இதே கதிதான். பழைய நாடகத்தின் இடைவெளி போயிற்று. அந்த இடத்தில் வைக்க வேண்டிய ஒப்பந்தம் இன்னும் வரவில்லை.

தாலுகாவில் ஓர் அதிகாரி

சட்டம் இல்லாமலில்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் புகார்க் கமிட்டி வைக்கச் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தார், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் கமிட்டிக்குப் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் வரை கமிட்டி நீட்டிக்கலாம். தினக்கூலியும் தற்காலிக வேலையும்கூட இதில் அடங்கும். வேலைக்காக ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே.

இதில் பலர் அறியாத ஓர் ஏற்பாடு உண்டு. திருத்துறைப்பூண்டியில் இருப்பவர் புகார் கொடுக்கத் திருவாரூர் வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தாலுகாவிலும், ஒவ்வொரு நகராட்சியிலும் புகாரை வாங்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். வாங்கியதை அவர் ஏழு நாளில் மாவட்டக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த அதிகாரி யார் என்று நாடக நோட்டீஸில் ஒரு வரி அச்சடித்தால் காசா செலவாகும்?

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளி யார்? பணம் கொடுக்கும் ஊர்க் கமிட்டியா, பேசி அனுப்பும் ஏஜண்டா? நாளைக்குத் தகராறு வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நடுவில் நிற்பது நடிகைதான். ஆகவே சட்டத்துக்கு முன்னால் நடிகர் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும்போது தேதி, ஊர், நாடகம், வேஷம், தொகை எல்லாம் பேசுகிறார்கள் அல்லவா? அதோடு இன்னொன்றையும் பேசட்டும்: யானைக் கட்டத்தில் வள்ளி முருகனைக் கட்டிக்கொள்வாரா, அல்லது அவர் பின்னால் போய் ஒளிந்துகொள்வாரா? இரண்டு விதமாகச் செய்தாலும் கதை நடக்கும், சிரிப்பும் வரும்.

அன்றிரவு மேக்கப் போடும்போது இரண்டு பேரும் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். அதற்கு நேரம் எங்கே என்று நாடகக்காரர்கள் கேட்பார்கள். ஒன்பதரைக்குத்தான் கடைசி பஸ்ஸில் ராஜபார்ட் வந்து இறங்குகிறார். பத்து மணிக்குப் பபூன் மேடையில் நிற்க வேண்டும். ஆனால் வள்ளி மேடைக்கு வர நள்ளிரவு தாண்டும். முருகன் கிழவனாக வருவதற்கு அதற்கும் வெகு நேரம் ஆகும்.